எக்ஸ்சேஞ்ச், ஹார்ட்வேர் வாலட், பி-டு-பி: உங்கள் எண் எந்த வழியில் வெளியே போகிறது?

கிரிப்டோ வாங்கிய கொஞ்ச நாளிலேயே தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தால், "என் நம்பர் இவங்களுக்கு எப்படிப் போச்சு?" என்ற கேள்விதான் முதலில் வரும். வாங்கும் வழியைப் பொறுத்து அதற்குப் பதில் மாறும். எண் கசிந்த பிறகு அழைப்பவர் நம்மிடம் எவ்வளவு கறக்க முடியும் என்பதும் மாறும். எதில் கட்டணம் குறைவு, எதில் லாபம் அதிகம் என்ற ஒப்பீடுகள் ஏராளம் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் ஆன்லைன் தளம்), ஹார்ட்வேர் வாலட் (காயினின் சாவியை நாமே வைத்துக்கொள்ளும் சிறு சாதனம்), பி-டு-பி (ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது) என்ற மூன்று வழிகளையும் நான் இங்கே எடை போடுவது இந்த இரண்டு கேள்விகளை வைத்து மட்டும்.

எக்ஸ்சேஞ்சில் வைத்தால்

2023 மார்ச்சில் மத்திய அரசு கிரிப்டோ நிறுவனங்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன்பின் இங்கே முறையாகப் பதிவு செய்த எந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு திறந்தாலும் கேஒய்சி கட்டாயம். பான், ஆதார், செல்ஃபி, வங்கிக் கணக்கு, மொபைல் எண் எல்லாம் ஒரே கோப்பில் போய் உட்காருகின்றன. அரசுக்கு நம் விவரம் தெரிவதில் எனக்குக் கவலை இல்லை. வரி கட்டுகிறவருக்கு அது தெரியத்தான் செய்யும். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் வசதி யார் யாருக்கு இருக்கிறது என்பதுதான் கவலை.

அமெரிக்க எக்ஸ்சேஞ்சான காயின்பேஸின் விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்த்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு மோசடிக் கும்பல் லஞ்சம் கொடுத்து 69,461 பேரின் விவரங்களை எடுத்துவிட்டது. 2025 மே மாதம் நிறுவனமே இதை அறிவித்தது. கும்பல் கேட்ட 2 கோடி டாலரைத் தர மறுத்து, அதே தொகையைக் குற்றவாளிகளைக் காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பரிசாக அறிவித்தது. இந்தூரில் இருந்த ஓர் அவுட்சோர்சிங் மையத்தில், ஊழியர் ஒருவர் அலுவலகக் கணினித் திரையைத் தன் சொந்த போனில் படம் பிடித்துச் சிக்கியதாக ராய்ட்டர்ஸ் பிறகு எழுதியது. பாஸ்வேர்டு எதுவும் போகவில்லை. பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டையின் படம், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற விவரம் ஆகியவை போயின. ஒருவரை அழைத்து நம்பவைக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அழைப்பு பொதுவாக இப்படித்தான் போகும். "சார், புது டிவைஸ்ல இருந்து உங்க அக்கவுண்ட் லாகின் ஆகியிருக்கு, நீங்கதானா?" என்று பதற்றமே இல்லாமல் ஆரம்பிப்பார்கள். இல்லை என்றதும் பானின் கடைசி நான்கு எழுத்தைச் சொல்லி "சரிதானே சார்?" என்பார்கள். அடுத்து, "இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், வெரிஃபை பண்ணிடலாம்." ஓடிபி வரும். எக்ஸ்சேஞ்சின் உண்மையான பெயரிலேயே வரும், ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் அந்த நொடியில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பட்டனை அழுத்தியிருக்கிறார். நிஜமான எஸ்எம்எஸ் கண் முன்னே வந்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விடும்.

இதில் இன்னொரு ரகம் உண்டு, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். சீட் ஃப்ரேஸை, அதாவது வாலட்டின் சாவியான 12 அல்லது 24 வார்த்தைகளை, யாரிடமும் சொல்லக்கூடாது என்பது பலருக்கு மனப்பாடம். இந்த ரகத்தில் அவர்கள் எதையும் கேட்பதில்லை. "உங்க காயினைப் பாதுகாப்பான வாலட்டுக்கு மாத்திடுங்க, அதுக்கான 12 வார்த்தையை நாங்களே அனுப்புறோம்" என்பார்கள். அந்த வார்த்தைகளை வைத்து நீங்கள் உருவாக்கும் வாலட்டின் சாவி முதலிலிருந்தே அவர்கள் கையில்தான் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சுக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு: தப்பு நடந்தபின் இழுத்துப் பிடிக்க ஒரு பிரேக் இருக்கிறது. கணக்கை உடனே முடக்கச் சொல்லலாம். காயினை அனுப்ப வேண்டிய வாலட் முகவரிகளை முன்கூட்டியே பதிவுசெய்து வைக்கும் வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். ஆனால் எக்ஸ்சேஞ்சே கொள்ளை போனால் அந்த பிரேக் உதவாது. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோனபோது, எந்த மோசடி அழைப்பையும் எடுக்காதவர்களின் பணமும் சேர்ந்தே மாட்டியது.

ஹார்ட்வேர் வாலட்டில் வைத்தால்

இதில் கேஒய்சி கிடையாது, அதனால் தனியுரிமை அதிகம் என்று நினைப்பார்கள். பாதிதான் சரி. சாதனம் உங்கள் பெயரைக் கேட்காது. அதை விற்கும் ஆன்லைன் கடை கேட்கும். ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் பிரான்ஸின் லெட்ஜர் நிறுவனத்தில் 2020-இல் கசிந்தது வாலட் அல்ல, கடையின் வாடிக்கையாளர் பட்டியல். சுமார் 10 லட்சம் மின்னஞ்சல் முகவரிகளும், அவற்றில் ஏறத்தாழ 2.72 லட்சம் பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண்ணும் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. மிரட்டல் மெயில், போலி எஸ்எம்எஸ் எல்லாம் வரிசையாக வந்தன. 2021-இல் சிலர் வீட்டுக்கு, உள்ளே கைவைத்த போலி லெட்ஜர் சாதனமே பார்சலில் வந்தது.

எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் இருப்பவர் ஐயாயிரம் ரூபாய் போட்டவராகக்கூட இருக்கலாம். ஹார்ட்வேர் வாலட் வாங்கியவரிடம் கணிசமான தொகை இருக்கும் என்று திருடன் கணக்குப் போடுவான், அதுவும் வீட்டு முகவரியோடு. லெட்ஜரின் இணை நிறுவனர் டேவிட் பாலாந்தை 2025 ஜனவரியில் பிரான்ஸில் கடத்தி, விரலை வெட்டிப் பணம் கேட்டார்கள். அது பட்டியல் கசிவால் நடந்தது அல்ல. காயின் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் ஆபத்து போனோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அழைப்பவர் கறக்கக்கூடிய அளவிலும் இதுதான் கடுமை. 24 வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் முடக்கச் சொல்ல ஆள் இல்லை, திருப்பிக் கேட்க அலுவலகம் இல்லை. சாவியைத் தானே வைத்திருப்பவருக்கு அனுபவம் மட்டும் காவல் ஆகாது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒருவரைக் கூகுள் உதவிக் குழு என்றும், பிறகு ஜெமினி எக்ஸ்சேஞ்ச் என்றும் சொல்லி அழைத்து, திரையைப் பகிரவைத்து, 4,100-க்கு மேற்பட்ட பிட்காயினைத் தூக்கினார்கள். அன்றைய மதிப்பு 23 கோடி டாலருக்கு மேல்.

பி-டு-பி, டெலிகிராம் வழி

இதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்றில் இதைத்தான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பின் தெரியாதவரிடம் உங்கள் எண், யுபிஐ பெயர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நீங்களே கையால் கொடுக்கிறீர்கள். நீங்கள் காயினை விற்கும்போது அவர் அனுப்பிய பணம் ஏதோ மோசடியில் கிடைத்ததாக இருந்தால், வேறு மாநில சைபர் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கக்கூடும். அதற்குப் பிறகு வரும் அழைப்பில் எது நிஜப் போலீஸ், எது போலி என்று பிரித்தறிவதே பெரும்பாடு. வங்கிக் கிளைக்குப் போய் எந்த ஸ்டேஷன், எந்தப் புகார் எண் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த ஸ்டேஷனின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். "செட்டில் பண்ணிக்கலாம்" என்றோ, வீடியோ காலில் கைது என்றோ சொன்னால் வைத்துவிடுங்கள். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை.

எண்ணைக் காப்பதில் எது மேல்?

வங்கி அழைப்பு என்றால் இப்போது ஓர் அடையாளம் உண்டு. ரிசர்வ் வங்கி, செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு 1600-இல் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. அதனால் எண்ணைப் பார்த்து எக்ஸ்சேஞ்ச் அழைப்பை உறுதிசெய்ய வழி இல்லை.

ட்ரூகாலர் பலரின் முதல் தேர்வு. ஸ்பேம் எண்களைக் காட்டுவதில் கெட்டிதான். ஆனால் அதில் தெரியும் பெயர்கள் பெரும்பாலும் பயனர்கள் தரும் தகவலிலிருந்து வருபவை. உங்களிடம் காயின் வாங்கியவர் உங்களை 'செந்தில் யுஎஸ்டிடி' என்று (யுஎஸ்டிடி ஒரு கிரிப்டோ காயின்) சேமித்தால், அந்தப் பெயர் வெளியே தலைகாட்ட வாய்ப்பு இருக்கிறது. உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். அப்படி இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கக் கோரலாம். தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதி நிம்மதி தரும். கூரியர்காரர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அழைப்பு எதிர்பார்ப்பவருக்கு அது ஒத்துவராது.

என் தேர்வு இரண்டாவது சிம். எக்ஸ்சேஞ்சுக்கும் வாலட் ஆர்டருக்கும் மட்டும் அந்த எண், வேறு யாருக்கும் தராமல். எல்லோருக்கும் தெரிந்த எண்ணில் "எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுறோம்" என்று யாராவது அழைத்தால், பேச்சைக் கேட்காமலே பொய் என்று தெரிந்துவிடும். புது எண்ணில் அப்படி அழைப்பு வந்தால், எக்ஸ்சேஞ்சிலிருந்தோ வாலட் கடையிலிருந்தோதான் பட்டியல் கசிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்கக்கூடாது. செயலிழந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

ஓடிபி விஷயத்தில் தயக்கமே வேண்டாம்: எஸ்எம்எஸ்-ஐ விட, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி மேல். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் மைக்கேல் டெர்பின், அவர் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்ட சிம் மாற்று மோசடியில் சுமார் 2.4 கோடி டாலர் கிரிப்டோவை இழந்தார். இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்கு வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்வதைத் தடுத்திருக்கிறது. ஆனால் சிம் மாற்றுவதையே அது தடுக்காது. *401* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பும் வேலை அது.

சிறு தொகை, அடிக்கடி வாங்கி விற்பவர் என்றால் எக்ஸ்சேஞ்ச், தனி சிம், ஆதென்டிகேட்டர் போதும். பல வருடம் தொடாமல் வைக்கப்போகும் பெரிய தொகை என்றால் ஹார்ட்வேர் வாலட். அதையும் வீட்டு முகவரி தராமல் வாங்க வழியிருந்தால் அப்படியே வாங்குங்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். சந்தேக அழைப்பு மட்டும் வந்திருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். பணத்தை இழந்தபின் இன்னொரு அழைப்பும் வரக்கூடும், "உங்க காயினை ட்ரேஸ் பண்ணிட்டோம், மீட்டுத்தர புராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று. பணம் இழந்தவர்களின் பட்டியலும் மோசடிக்காரர்களின் சந்தையில் விற்பனைக்கு உண்டு. 1930-இல் புகாரைப் பதிவுசெய்ய ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டார்கள்.