இசைக் கீபோர்டைக் கம்ப்யூட்டரில் இணைக்க: யுஎஸ்பியா, ஐந்து பின் மிடியா, புளூடூத்தா?

கீபோர்டின் பின்பக்கம் 'யுஎஸ்பி டு ஹோஸ்ட்' என்ற சதுர சாக்கெட் இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். பிரிண்டர் கேபிள் போதும். பெரும்பாலான கீபோர்டுகள் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். டைப்-சி சாக்கெட் உள்ள கன்ட்ரோலரில் (தானாக ஒலி எழுப்பாமல் மென்பொருளை இயக்கும் கீபோர்டு) மட்டும் கவனம் தேவை. சார்ஜ் கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், மென்பொருளில் பெயர் வராது.

யுஎஸ்பியின் தொல்லை வேறு இடத்தில் வரும். கீபோர்டின் லைன் அவுட் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) போகிறது, இன்டர்ஃபேஸும் அதே லேப்டாப்பில் இருக்கிறது என்றால் கிரவுண்ட் லூப் (இரண்டு கேபிள் வழியாகவும் கிரவுண்ட் சேர்ந்து உருவாகும் வளையம்) உருவாகலாம். மவுஸை நகர்த்தினாலே ஸ்பீக்கரில் கீச்சொலி கேட்கும். கீபோர்டின் யுஎஸ்பி கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான்.

அப்போது 1983-இல் வந்த பழைய ஐந்து பின் மிடியே மேல். மிடி என்பது ஒலியை அல்ல, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற தகவலைக் கடத்தும் முறை. மிடி இன் பக்கத்தில் இருக்கும் ஆப்டோ-ஐசொலேட்டர் சிக்னலை ஒளியாக மாற்றிக் கடத்துவதால் இரண்டு கருவிகளின் கிரவுண்டும் சேர்வதில்லை. இதன் வேகம் நொடிக்கு 31,250 பிட்தான். ஒரு நோட்டுக்கு 3 பைட், அதாவது ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். ஒருவர் வாசிப்பதற்கு இது தாராளம். ஒரே கேபிளில் பல சேனல்களை நெருக்கமாக ஓட்டினால்தான் தாளம் சற்று வழுக்கும்.

இன்டர்ஃபேஸில் மிடி சாக்கெட் இல்லாதவர்கள் யுஎஸ்பி-மிடி கேபிள் வாங்குவார்கள். மிக மலிவானதைத் தவிர்த்துவிடுங்கள். பலவற்றில் ஆப்டோ-ஐசொலேட்டரே இருக்காது. நோட்டு ஒழுங்காகப் போகும், ஆனால் நீளமான சிஸ்எக்ஸ் டேட்டா (கீபோர்டின் உள் அமைப்புகளைக் கடத்தும் மிடி தகவல்) பாதியில் சிதைந்து பேட்ச் (ஒலி அமைப்பு) பேக்கப் கெட்டுப்போகும். கேபிளில் 'இன்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். கீபோர்டின் மிடி அவுட், கேபிளின் உள்வரும் பக்கத்துக்குப் போக வேண்டும். சிக்னல் வராவிட்டால் மாற்றிச் செருகுங்கள், எதுவும் கெடாது.

புளூடூத் மெட்டுப் போட்டுப் பார்க்க மட்டும். இதில் பயன்படும் குறைந்த மின்சக்தி வகையான புளூடூத் எல்இயில், பெரும்பாலான கருவிகளில் இரண்டு பரிமாற்றங்களுக்கு இடையே குறைந்தது 7.5 மில்லிசெகண்ட் இடைவெளி உண்டு, அது கூடிக் குறைவதால் தாளம் தடுமாறும். விண்டோஸில் பேரிங் ஆனாலும் பல ரெக்கார்டிங் மென்பொருள்களில் கருவி தெரியாது. சிக்னலை அந்த மென்பொருளுக்குக் கடத்த மிடிபெர்ரி, லூப்மிடி என்ற இரண்டு செயலிகளையும் சேர்த்து ஓட்ட வேண்டிவரும்.

கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துச் சத்தம் வந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை, ரெக்கார்டிங் மென்பொருளில் பஃபரை (ஒலியை ஒரே தடவையில் எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவு) பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் 10.7 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.7. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) போடுங்கள். ஒவ்வொரு நோட்டும் இரட்டையாகக் கேட்டால் கீபோர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகள் கீபோர்டின் சொந்த ஒலியை நேரடியாக எழுப்பும் அமைப்பு) ஆஃப் செய்யுங்கள்.