வடைச்சட்டியில் ஜெயிப்பது ரத்தத்தில் தோற்கிறது: மூன்று எண்ணெய்களின் கணக்கு

பெங்களூரில் அல்சூர், மல்லேஸ்வரம் பக்கம் தமிழ் வீட்டு அடுக்களைகளில் பெரும்பாலும் மூன்று எண்ணெய் இருக்கும்: பாக்கெட்டில் ரீஃபைண்டு சூரியகாந்தி, 'காணத எண்ணெ' (கன்னடத்தில் செக்கு எண்ணெய்) என்று பலகை மாட்டிய கடையில் ஆட்டி வாங்கிய கடலை எண்ணெய், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த தேங்காய் எண்ணெய். எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. சட்டியில் எது தாங்கும் என்பது ஒரு கேள்வி, உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

முதலில் சட்டி. சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 60 சதவீதம் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். அவற்றுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் சுலபமாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு பெராக்சைடு என்ற கெட்டுப்போன பொருள் ஆகும், அது பக்கத்து மூலக்கூறையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரே இரட்டைப் பிணைப்புள்ள ஒலீயிக் அமிலத்தைவிட லினோலிக் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கெடும். கடலை எண்ணெயில் ஒலீயிக் ஏறக்குறைய பாதி, லினோலிக் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, லினோலிக் வெறும் 2 சதவீதம். ஆகவே பொரிப்பதில் தாங்கும் வரிசை: தேங்காய், கடலை, கடைசியில் சூரியகாந்தி.

ரத்தத்தில் வரிசை கிட்டத்தட்டத் தலைகீழ். தேங்காய் எண்ணெய் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பை ஏற்றும். லினோலிக் அதை இறக்கும். கல்லீரல் கதையும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் 39 இளவயதினருக்கு 7 வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள், ஒரு பிரிவுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, இன்னொன்றுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பிரிவிலும் எடை ஒரே அளவுதான் கூடியது; கல்லீரலில் கொழுப்பு தெளிவாக ஏறியது பாமாயில் பிரிவில். 2014இல் வெளிவந்த ஆய்வு இது. தேங்காய் எண்ணெய் வேறு, பாமாயில் வேறு என்பது உண்மைதான். ஆனால் 'நிறைவுற்ற கொழுப்பு கெடாது, அதனால் உடம்புக்கும் கெடுதல் இல்லை' என்ற வாட்ஸ்அப் வாதத்துக்கு இது ஒரு நல்ல தடை.

அப்படியானால் சூரியகாந்தியில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. தின்னும் லினோலிக் செல் சவ்வுகளில் குடியேறும். இதயத் தசை செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் இருக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு பெரும்பாலும் லினோலிக்கால் ஆனது. உடல் கொழுப்பில் சேர்ந்துவிட்டால் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். சவ்வில் லினோலிக் கூடக் கூட அதை ஆக்சிஜனிடமிருந்து காக்க வைட்டமின் ஈயும் வேண்டும், லினோலிக் ஒரு கிராமுக்குச் சுமார் அரை மில்லிகிராம். புது எண்ணெயில் அது தாராளமாகவே உண்டு. மறுபடி மறுபடி காய்ச்சும்போதுதான் அந்தக் காவல் முதலில் தீர்ந்துபோகிறது. மறுசூடாக்கிய எண்ணெயைப் பல வாரம் தின்ற எலிகளின் கல்லீரலில் கொழுப்பு கெட்டதைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு கூடுவதும் செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் குறைவதும் பல சோதனைகளில் பார்த்தது.

ஆகவே சூரியகாந்தி பொரியல், குழம்புக்கு. ஒரு தடவை சூடு, அதோடு சரி. வடை, பஜ்ஜிக்கு இரண்டு வரிசையிலும் நடுவில் நிற்கும் கடலை எண்ணெய். இங்கே ஒரு திருத்தம்: செக்கில் ஆட்டியது 160 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பிக்கும், பொரிப்பதற்கோ 170 முதல் 180 வேண்டும். அடியில் தங்கிய மண்டி வேறு முதலில் கருகும். பொரிப்பதற்கு ரீஃபைண்டு கடலை எண்ணெய்தான் சரி, செக்கு எண்ணெய் தாளிப்புக்கும் பொடிக்கும். பசவனகுடியின் நிலக்கடலைச் சந்தையான கடலேகாய் பரிஷேயில் மூட்டையாக வாங்கி ஆட்டக் கொடுப்பவர்கள் பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுக்கவேண்டும். சுத்திகரிப்பில் நீங்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு செக்கில் நீங்காது. (இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்தான், அதில் விவாதமே இல்லை. கெடாமல் காக்கும் சிசாமோல் இருப்பதால் லினோலிக் நாற்பது சதவீதம் இருந்தும் நல்லெண்ணெய் லேசில் காறாது.) தேங்காய் எண்ணெய் அவியலுக்கு இறக்கும்போது ஒரு ஸ்பூன். டிசம்பரில் இந்த ஊர்க் குளிரில் அது கெட்டியாகும்; சுமார் 24 டிகிரிக்குக் கீழே அப்படித்தான், கலப்படம் இல்லை.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை இரும்புச் சட்டியிலேயே மூடி வைப்பதுதான் பெரிய தப்பு. இரும்பும் செம்பும் எண்ணெயைக் கெடுக்கும் அந்தச் சங்கிலி வினையை முடுக்கிவிடும். ஆறியதும் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி, வெளிச்சம் படாமல் வைத்து, இரண்டு மூன்று நாளில் தாளிப்பில் தீர்க்கலாம். அதன் தலையில் புது எண்ணெயை ஊற்றினால் பழையதிலிருக்கும் பெராக்சைடு புதியதையும் கெடுக்கும். கடைகளுக்கு, எண்ணெய் சூட்டில் சிதைந்து உண்டாகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் என்ற வரம்பு 2018 ஜூலை முதல் இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கு அடையாளம் நுரைதான். மாவு போட்டதும் பொடி நுரை எழும்பி அடங்காமல் நின்றால், விரலில் பிசுக்கென்று ஒட்டினால், பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.