திம்னா பூங்காவின் ஆசரிப்புக் கூடாரம்: உடன்படிக்கைப் பெட்டிக்கு ஓடாமல் பலிபீடத்தருகே நில்லுங்கள்

எகிப்தில் தொடங்கும் புனித நாட்டுப் பயணக் குழுக்கள் தாபா எல்லையைக் கடந்து இஸ்ரேலின் ஏலாத்துக்குள் நுழைவது வழக்கம். அங்கிருந்து வடக்கே 90-ம் எண் சாலையில் சுமார் 25 கி.மீ. போனால் திம்னா பூங்கா. அதற்குள், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த மோசேயின் ஆசரிப்புக் கூடாரத்தை யாத்திராகமத்தின் அளவுகளின்படி முழு அளவில் எழுப்பி வைத்திருக்கிறார்கள். பேருந்து நேரே சாக்கடலுக்கு விரைந்தால் இது கைநழுவிப் போகும். முன்கூட்டியே நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தகுதியான இடம்தான்.

முதல் நன்மை, அளவு மனதில் ஏறுவது. கூடாரத்தைச் சுற்றிய முற்றமாகிய பிராகாரம் 100 முழம் நீளம், 50 முழம் அகலம் என்று பல தடவை வாசித்திருப்போம். ஏறக்குறைய 45 மீட்டருக்கு 22 மீட்டர். தொங்குதிரைகள் 5 முழ உயரம், அதாவது இரண்டே கால் மீட்டர். வெளியே நிற்கிற எவராலும் எட்டிப் பார்க்க முடியாது. வாசல் ஒன்றே ஒன்று. அதன் 20 முழத் திரை மட்டும் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களால் ஆனது, மற்றவை வெள்ளை. வனாந்தரத்தின் வெயிலில் அந்த வெள்ளைச் சுவரை ஒருமுறை சுற்றி நடந்துவிட்டு உள்ளே போனால், வாசல் என்ற சொல்லின் கனம் புரியும்.

பெரும்பாலோர் இங்கே செய்யும் தவறு, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்தையும் அதன்மேல் சிறகு விரித்த கேருபீன்களையும் படம் எடுக்க நேரே உள்கூடாரத்துக்குப் போவது. இஸ்ரவேலின் சாதாரண மனிதன் அங்கே கால் வைத்ததே இல்லை. அவன் வந்தது வெண்கலப் பலிபீடம் வரைக்கும். ஆகவே பாதி நேரத்தையாவது பிராகாரத்திலேயே செலவிடுங்கள்.

பலிபீடம் 5 முழச் சதுரம், 3 முழ உயரம், நான்கு மூலையிலும் கொம்புகள். வாசலுக்குள் நுழைந்தால் முகம் மேற்கே இருக்கும் என்பது வேதாகம அமைப்பு; எனவே வலது கைப் பக்கம் வடக்கு. ஆட்டை, முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியாகக் கொண்டுவருகிறவன் அதைப் பலிபீடத்தின் வடபுறத்தில் கொல்லவேண்டும் என்கிறது லேவியராகமம் 1:11. கொல்வது ஆசாரியன் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. கொண்டுவந்தவனே அதின் தலையில் கையை வைத்து, அவனே கொல்லுகிறான். இரத்தத்தை ஏந்தித் தெளிப்பதிலிருந்துதான் ஆசாரியனின் வேலை தொடங்குகிறது. அந்த வடபுறத்தில் போய் நின்று லேவியராகமம் முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். இந்த இடத்திலிருந்து நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய பொருள் அதுதான். "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று யோவான் ஸ்நானன் சொன்னதைக் கேட்ட யூதர்களின் கைகளுக்கு ஆட்டின் தலை பழக்கமானது என்பது அப்போது விளங்கும்.

மாதிரி காட்ட முடியாதவையும் உண்டு. நெருப்பு இல்லை, புகை இல்லை, இரத்தம் இல்லை. காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று என்று நாள் தவறாமல் நடந்த தகனத்தின் வாசனையும் ஈக்களும் சாம்பல் குவியலும் இல்லை. சுத்தமாகத் துடைத்த இந்தப் பிராகாரத்தைப் பார்த்துவிட்டு ஆராதனை அழகாக இருந்திருக்கும் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. அது இறைச்சிக்கூடத்துக்கும் நெருக்கமான இடம்.

உலோகங்களும் அசல் அல்ல, பொன் நிறம்தான். இதில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. கூடாரச் சுவர்ப் பலகைகளுக்கு அடியில் 96, திரைத் தூண்களுக்கு 4, ஆக 100 வெள்ளிப் பாதங்கள். ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, ஏறக்குறைய 34 கிலோ. அந்த வெள்ளி வந்தது, எண்ணப்பட்ட 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் சேக்கல் வீதம் கொடுத்த ஆத்தும மீட்புப் பணத்திலிருந்து. ஐசுவரியவான் அதிகமும் தரக்கூடாது, தரித்திரன் குறைவும் தரக்கூடாது. முழுக் கூடாரமும் மீட்பின் கிரயத்தின்மேல் நின்றது. உள்ளே போனதும் முதலில் கீழே, பலகைகளின் அடியைப் பாருங்கள்.

கூடாரத்தின் முன் அறையாகிய பரிசுத்த ஸ்தலத்தில் வலப்புறம் சமுகத்தப்ப மேஜை, இடப்புறம் குத்துவிளக்கு, திரைக்கு முன்பாகத் தூபபீடம். இங்கே வழிகாட்டியின் விளக்கமே போதும். ஆனால் பிரதான ஆசாரியனின் உருவத்தை ஏபோத் என்ற மேலுடையும் மார்ப்பதக்கமுமாக நிறுத்தியிருப்பதில் ஒரு எச்சரிக்கை தேவை. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியனான ஆரோன் திரைக்கு அப்பாலுள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனது அந்த மகிமையான உடையில் அல்ல, சாதாரணச் சணல்நூல் உடையில் (லேவியராகமம் 16:4). போனதும் ஒரே தடவை அல்ல. முதலில் தூபம், பிறகு தன் பாவத்துக்காகக் காளையின் இரத்தம், அதன் பிறகே ஜனங்களுக்காக வெள்ளாட்டுக்கடாவின் இரத்தம். எபிரெயர் நிருபம் "வருஷத்திற்கொருமுறை" என்பது அந்த ஒரு நாளைத்தான். இரண்டாவது கடா, ஜனங்களின் பாவங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் போக்காடாக விடப்பட்டது. வெளியே வந்ததும் கண்ணெதிரே விரியும் வெறும் மலைகளைப் பார்த்தால் அது எங்கே போயிருக்கும் என்று கேட்கவேண்டியதில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு முளைக்கும் கொக்கிக்கும் கிறிஸ்துவோடு ஒரு பொருத்தம் கண்டுபிடிக்கும் விளக்கங்களை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயர் ஆசிரியரே கேருபீன்கள் வரை வந்து, இவற்றைப்பற்றி இப்போது விவரிக்கவேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறார். அதைவிட யாத்திராகமத்தின் வரிசை முக்கியம்: 12-ம் அதிகாரத்தில் பஸ்கா ஆடு, 14-ல் கடல், 20-ல் கட்டளைகள், 25-ல்தான் கூடாரம். எகிப்திலிருந்து வெளியேறப் பலிபீடம் கட்டச் சொல்லவில்லை. விடுதலை பெற்றுவிட்ட ஜனம் பரிசுத்தருக்கு அருகே சாகாமல் குடியிருக்கவே இவ்வளவும். வழிகாட்டியின் விளக்கத்தில் இந்த வரிசை வராவிட்டால், குழுத் தலைவர் சொல்லிவிடவேண்டும்.

நடைமுறைக் குறிப்புகள். பூங்காவின் இடங்கள் ஒன்றுக்கொன்று கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கின்றன, வாகனம் இல்லாமல் ஆகாது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்லது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும், முதியோர் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். கூடார விளக்கம் தொடங்கும் நேரத்தை நுழைவாயிலில் முதலில் கேட்டுக்கொண்டு, மற்ற இடங்களை அதற்கேற்ப வரிசைப்படுத்துங்கள். தமிழ் வேதாகமம் கையில் இருக்கட்டும். முந்தின இரவே யாத்திராகமம் 25 முதல் 30, லேவியராகமம் 1, 16, எபிரெயர் 9 வாசித்திருந்தால் விளக்கம் இரட்டிப்பாகப் பயன்படும்.

நேரம் மிஞ்சினால் சாலொமோன் தூண்கள் என்ற செம்மணற்கல் பாறைகளின் அடியில் உள்ள எகிப்தியத் தெய்வமான ஹாத்தோரின் கோவில் இடிபாட்டையும் பாருங்கள். சாலொமோன் பெயர் பாறைக்குப் பிற்காலத்தில் வந்தது. தொல்லியல் ஆய்வாளர் பேனோ ரோத்தன்பர்க் 1969-ல் இங்கே தோண்டியபோது, எகிப்தியருக்குப் பின் மீதியானியர் அதைக் கூடாரக் கோவிலாக்கிய தடயமாகத் துணித் துண்டுகளும், தலையில் பொன் பூசிய சிறிய செப்புப் பாம்பு ஒன்றும் கிடைத்தன. எண்ணாகமம் 21-ல் மோசே உயர்த்திய சர்ப்பம் இதுதான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மோசேயின் அந்தச் சர்ப்பத்துக்கு நிகுஸ்தான் என்று பெயரிட்டு எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். இந்தப் பாம்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் டெல் அவிவிலுள்ள எரெத்ஸ் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும்.