உள்ளே போய்விட்டது, ஆனால் ஓடவில்லை: ஒரு சின்னப் பெட்டிக் கணினியுடன் மூன்று ஆண்டுகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டில் கணினிக்கென்று எனக்குக் கிடைத்தது, துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு முழ இடம். பாம் ஷெல்டரில் வைத்துக்கொள்ளுங்களேன் என்றார் மனைவி. அது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறை. கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை உள்ளே வராது, சூடு வெளியே போகாது. அதனால்தான் 2022 கடைசியில் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவுக் கணினியின் பக்கம் போனேன். மதர்போர்டே 170 மி.மீ. சதுரம்தான். மூன்று ஆண்டுக்கு மேலாக என் வேலை, பையனின் வீட்டுப்பாடம், ராத்திரி கொஞ்சம் விளையாட்டு எல்லாம் இதில்தான். இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. ஓட வைக்கப் பட்ட பாடுதான் பெரிது.

பெட்டியின் விவரத்தாளில், சிப்பைக் குளிர்விக்கும் கூலர் 72 மி.மீ. உயரம் வரை போடலாம் என்று இருந்தது. நான் வாங்கியது 70. இரண்டு மி.மீ. மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ராமை மறந்துவிட்டேன். வெறும் டிடிஆர்4 ராம் 31 மி.மீ. சொச்சம்தான் உயரம். நான் ஆசைப்பட்டு வாங்கியதோ தலையில் சீப்பு செருகியது மாதிரி அலுமினியக் கவசமும் விளக்கும் வைத்தது, 44 மி.மீ. கூலரின் ஒரு ஓரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருகை இறுக்க இறுக்க, கூலர் சாய்கிறது. திருப்பிப் போட்டால் போர்டின் பின்பக்கம் இருக்கும் ஹீட்சிங்க்கில், அதாவது சூடு தணிக்கும் உலோகக் கட்டியில், இடிக்கிறது.

அக்கா மகன் அப்போது தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பணியில், இருந்தான். சனிக்கிழமை கேம்ப்பிலிருந்து வந்தவன், மொட்டைத் தலையைக் குனிந்து பார்த்தான். ஒரு ஏ4 தாளைக் கூலருக்கும் ராமுக்கும் நடுவில் நுழைத்தான். போகவில்லை.

“மாமா, சிராங்கூன் ரோட்டுத் தீபாவளி லைட்டெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சாதா ராம் வாங்குங்க.”

மறுநாள் கணினிக் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ச் சாதா ராம் வாங்கி வந்தேன். விளக்கு ராமை முப்பது வெள்ளி நட்டத்தில் வேறொருவருக்குத் தள்ளிவிட்டேன். மூடி மூடியது.

பவர் சப்ளையிலும் இதே கதை. சின்னப் பெட்டிக்கான பவர் சப்ளை அளவு எஸ்எஃப்எக்ஸ். சத்தம் குறையும் என்று அதில் சற்று நீளமான எஸ்எஃப்எக்ஸ்-எல் வாங்கினேன். சாதாரண எஸ்எஃப்எக்ஸ் 100 மி.மீ. ஆழம், இது 130. பெட்டிக்குள் தாராளமாகவே உட்கார்ந்தது. ஆனால் கேபிள் வளைய வேண்டிய இடத்தை அந்த 30 மி.மீ. தின்றுவிட்டது. மடங்கின கேபிள் கிராஃபிக்ஸ் கார்டை முட்டித் தள்ளியது. கேபிளுக்கும் இடுப்பு உண்டு என்று எந்த விவரத்தாளும் சொல்வதில்லை. அதையும் மாற்றினேன்.

மாற்றும்போது ஒரு சோம்பல் வந்தது. பழைய கேபிள்களை அழகாகக் கட்டி வைத்திருக்கிறோமே, அதையே புதிய பவர் சப்ளையில் செருகினால் என்ன? தயவுசெய்து செய்யாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஓட்டை அதே ஓட்டையாக இருக்கும், 12 வோல்ட் வரும் ஊசி வேறாக இருக்கும். டிஸ்க் ஒரே நொடியில் போய்விடும்.

உள்ளே போகாத பொருளால் எனக்குப் போனது காசு மட்டும்தான். லட்டு மாதிரி போய் உட்கார்ந்தவைதான் தூக்கத்தைக் கெடுத்தன. மதர்போர்டு பழையது, யாரோ பயன்படுத்திய பி450 ரகம். சிப் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600. இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தான், அதாவது சிப் உட்காரும் இடம் ஒன்றுதான். 1331 ஊசியும் சரியாக இறங்கின. விசிறி சுற்றியது, திரை இருட்டு. இரண்டு ராத்திரி ராமைக் கழற்றி மாட்டி, கேபிளைக் கழற்றி மாட்டிக் களைத்த பிறகுதான் பயாஸ், அதாவது போர்டைத் தொடங்கி வைக்கும் உள்மென்பொருள், நினைவு வந்தது. இந்தச் சிப் வருவதற்கு முன்பே எழுதிய பயாஸ் அது, இதை எப்படி அடையாளம் தெரியும்? சிப் இல்லாமலே பயாஸ் மாற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு, இதில் இல்லை. அக்கா மகனின் கேம்ப் நண்பனிடம் பழைய ரைசன் 2600 இரவல் வாங்கி, பென் டிரைவில் பயாஸைப் புதுப்பித்து, சிப்பை மாற்றினேன். வாடகை ஒரு சாக்லெட் டப்பா.

போன வருடம் போர்டை பி550க்கு மாற்றியபோது வேறொரு வேடிக்கை. விளையாட்டின் நடுவே திரை அணைந்து போகும். போர்டும் புதிய கிராஃபிக்ஸ் கார்டும் பேசிக்கொள்ளும் வழி பிசிஐஇ 4.0, நடுவில் இரண்டையும் இணைத்த ரைசர் கேபிள் மட்டும் 3.0க்குச் செய்தது. பயாஸில் ‘ஜென் 3’, அதாவது பிசிஐஇ 3.0, என்று கட்டிப் போட்டேன், அணைவது நின்றுவிட்டது. வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு தவறை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024இல் தூசி தட்டக் கூலரைக் கழற்றினேன். நேராக மேலே இழுத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். கூலரின் அடியில் சிப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது! சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருந்தது. ஓரத்தில் நாலு ஊசி படுத்துவிட்டன. மெக்கானிக்கல் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, அந்த நுனியில் ஒவ்வோர் ஊசியாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பிழைத்தது. இப்போதெல்லாம் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பேஸ்டைச் சூடாக்குகிறேன். அப்புறம் அணைத்து, ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவது போல இடம் வலமாகத் திருகித்தான் தூக்குகிறேன். அடுத்து வந்த ஏஎம்5இல் ஊசிகள் சாக்கெட்டுக்கே போய்விட்டன, சிப்பை ஒரு சட்டம் அழுத்திப் பிடிக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை.

அக்கா மகன் இப்போது வேலைக்குப் போகிறான், தனக்கொரு கணினி கட்டப் போகிறான். நேற்று போன் செய்தான். கார்டு 330 மி.மீ. நீளமாம், பெட்டி 335 வரை தாங்குமாம். “அஞ்சு மி.மீ. மிச்சம் மாமா” என்றான். முன்பக்கம் விசிறி போடுவாயா என்று கேட்டேன். மூன்று போடுவானாம். விசிறி 25 மி.மீ. தடிமன், அந்த 335 விசிறி போடாத கணக்கா என்று பார் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.