டக்கா, டொக்கா, ஜிர்ரா?

என் கார் 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 2014-இல், 48,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 1,37,000-ஐத் தாண்டிவிட்டது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இந்த வயதில் எந்தக் காருக்கும் இந்தக் கதை பொருந்தும். 2024-இல் பதினைந்து வருடம் முடிந்ததால் ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணமாக மட்டும் 5,000 ரூபாய் கட்டினேன், பசுமை வரி தனி. இன்னும் ஐந்து வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. சரி, இனி நிம்மதி என்று வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அடுத்த வாரமே முன்பக்கத்திலிருந்து லொடலொடவென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

நான் சென்னை குரோம்பேட்டை. ஆபீஸ் துரைப்பாக்கம் பக்கம். பல்லாவரம் ரேடியல் சாலையில் தினமும் போய்வர வேண்டும். மழைக்காலம் முடிகிற நேரத்தில் உள் தெருக்கள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் சில நாள் ரோட்டின் மேல் பழியைப் போட்டேன். அப்புறம் நல்ல ரோட்டிலும் கேட்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை மொத்தமாகக் காலி செய்தேன். டேஷ்போர்டு பெட்டி, கதவுப் பைகள், சீட்டுக்கு அடி, டிக்கி, ஸ்டெப்னி குழி, எதையும் விடவில்லை. அகப்பட்டவை: இரண்டு இரண்டு ரூபாய் நாணயம், மூடி இல்லாத ஒரு பேனா, பழனி விபூதி டப்பா, மகன் நாலாம் வகுப்பில் தொலைத்த ஜியாமெட்ரி பாக்ஸின் காம்பஸ். ஜாக்கியும் அதன் கம்பியும் டிக்கியில் அவிழ்ந்து கிடந்தன, அவற்றைப் பழைய துண்டில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். காசு செலவில்லாத வேலை இது, எல்லோரும் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். எனக்குப் பலன் இல்லை. திங்கட்கிழமை காலை தெருமுனை திரும்புவதற்குள் லொடலொட.

இதில் இன்னொரு வம்பு. மனைவி உட்கார்ந்து வந்தால் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். "ஏங்க, எனக்கு ஒண்ணுமே கேக்கலையே, ஏதோ லேசா டக்டக்குன்னுதான் இருக்கு" என்பார். எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ, காது டாக்டரிடம் போக வேண்டுமோ என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதலில் போனது நல்ல பெரிய பட்டறைதான். பெயர் வேண்டாம். பையன் ஒருவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "முன்னாடி ஷாக் ரெண்டும் போயிடுச்சு சார்" என்றான். பானெட் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கவில்லை, ஷாக்கில், அதாவது பள்ளம் மேட்டின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில், ஆயில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. அலைன்மென்ட்டோடு சேர்த்து 7,800 ரூபாய் ஆனது. இரண்டு நாள் சத்தம் குறைந்த மாதிரியே இருந்தது. பணம் கொடுத்த காதுக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்த இடத்தில் லோயர் ஆர்ம், இஞ்சின் மவுண்ட், ஸ்டியரிங் ராக் என்று எழுதிக்கொடுத்த எஸ்டிமேட் 18,000-ஐத் தொட்டது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். மாற்றிப் பார்ப்பது அவர்கள், பார்த்துக்கொண்டிருப்பது என் பர்ஸ். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் திருநீர்மலைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கிடம் நண்பர் அனுப்பினார். ஐம்பதைத் தாண்டியவர். நான் போனதும், "அண்ணே, லெஃப்ட் சைடு முன் சக்கரத்துக்கு மேல..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க கேக்குதுன்னு சொல்லாதீங்க சார். அது சும்மா ஏமாத்தும். எப்ப கேக்குதுன்னு சொல்லுங்க."

அடுத்த கேள்வி இன்னும் அழகு. "டக்கா, டொக்கா, ஜிர்ரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. டக் என்றால் இரும்பும் இரும்பும் மோதுகிறது, எங்கேயோ பால் ஜாயின்ட்டில், அதாவது கிண்ணத்துக்குள் உருண்டை சுழலும் மூட்டில், ஆட்டம். டொக் என்று கனமாக விழுந்தால் ரப்பர் புஷ்ஷோ மவுண்ட்டோ கிழிந்திருக்கிறது. ஜிர்ர் என்றால் மெல்லிய தகடு அதிர்கிறது. சலசல என்றால் சாமான், கிறீச் என்றால் ரப்பர் காய்ந்திருக்கிறது அல்லது பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசுகிறது. நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று அவரே சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக நான் ஒரே வார்த்தையில் 'லொடலொட' என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் கோளாறு என்று அங்கே நிற்கும்போது உறைத்தது. நான் தேடியது ஒரு சத்தத்தை அல்ல. பல சத்தங்களுக்கு ஒரே பெயர் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கவனித்துவிட்டு வரச் சொன்னார். மகனின் பழைய ரஃப் நோட்டில் எழுதினேன். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே, பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு, ஏ.சி. போட்டு, போடாமல், கியரில், நியூட்ரலில் உருளவிட்டு. பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே பள்ளத்தில் இறக்கினேன். அப்போது சத்தம் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது என்று அர்த்தமாம். நிற்கவில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினேன், ஷாக்கின் தலைமாட்டில் இருக்கும் டாப் மவுண்ட் போயிருந்தால் அங்கே கடகடக்கும். அமைதி. முழுக்கத் திருப்பியபடி மெதுவாக நகர்த்திப் பார்த்தேன், சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் கிளிக் கிளிக் என்று கேட்கும். அதுவும் இல்லை.

இந்தச் சோதனைகளுக்கு நடுவில் டயர் காற்றைப் பார்த்தால் நாலிலும் 40 இருந்தது. என் வண்டிக்கு 30 போதும், டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கிறது. காற்றைச் சரியாக்கியதுமே எல்லாச் சத்தமும் கொஞ்சம் தணிந்தது. கல்லு மாதிரி டயரோடு ஓட்டினால் ஒவ்வொரு சிறு அதிர்வும் நேராக உள்ளே வரத்தானே செய்யும்.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வண்டியை எடுத்து, தெருவில் இருந்த வேகத்தடையில் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராக ஏற்றினார். சத்தம் இல்லை. திரும்பி வந்து, இடது சக்கரம் மட்டும் ஒரு குழியில் இறங்கும்படி ஓரமாக ஓட்டினார். டக், டக்.

"லிங்க் ராட்" என்றார், வண்டியைவிட்டு இறங்காமலே.

காரணம் கேட்டால் எளிமையானதுதான். வளைவில் வண்டி சாயாமல் இருக்க, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு வளைந்த கம்பி குறுக்கே போகிறது. அதன் இரண்டு முனையையும் சஸ்பென்ஷனோடு சேர்ப்பவை இந்தக் குட்டி லிங்க் ராடுகள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பி முறுக்கப்படாமல் சும்மா சுழலும், லிங்க்கில் பெரிதாகச் சுமை விழாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால்தான் கம்பி முறுக்கிக்கொள்ளும், தேய்ந்துபோன பால் ஜாயின்ட் தட்டும். 7,800 ரூபாய்க்குப் புதுசாக மாட்டிய ஷாக்குகள் பக்கத்திலேயே பளபளவென்று நின்றன.

லிங்க் ராட் ஜோடி ஜி.பி. ரோட்டில் 1,150-க்குப் புதிதாக வாங்கினேன். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனால் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று நண்பர் சொன்னார். கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, டெயில் லேம்ப் எல்லாம் நான் புதுப்பேட்டையில்தான் வாங்குகிறேன். ஆனால் பால் ஜாயின்ட் உள்ள எதையும் பழைய சாமானில் வாங்கமாட்டேன். கையால் ஆட்டிப் பார்த்து அதன் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. பழைய நட்டு துருப்பிடித்து போல்ட்டோடு சேர்ந்தே சுற்றியதால் மெக்கானிக் கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தார். கூலி 400.

டக் போனது. ஜிர்ர் அப்படியே இருந்தது. முன்பு டக்கின் அடியில் ஒளிந்திருந்தது, இப்போது தனியாக மேடை கிடைத்துவிட்டது.

இதற்கு என் நோட்டு உதவியது. ஜிர்ர் வண்டி நிற்கும்போதும் வந்தது. ஆகவே சக்கரம், சஸ்பென்ஷன் சம்பந்தமில்லை. என் மாடலில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதால்தான் அளக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மெல்ல ஏற்றினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் ஜிர்ரென்று அதிரும், அதைத் தாண்டினால் நின்றுவிடும். காலையில் பலமாக இருக்கும், சூடானதும் குறையும். மெக்கானிக் வண்டியைத் தூக்கி, அடியில் தூணைக் கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே தலையை நீட்டாதீர்கள்), இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சைலன்சர் குழாயின் மேலே சூட்டைத் தடுக்க இருக்கும் தகடான ஹீட் ஷீல்டை விரலால் தட்டினார். அதே ஜிர்ர். போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகட்டைத் துரு தின்றிருந்தது. சூட்டில் தகடு விரிந்து குழாயில் அழுந்தியதால்தான் பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியிருக்கிறது.

பிடுங்கி எறிந்துவிடலாமா என்றேன். கூடாது என்றார். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கான டிகிரி சூடு, மேலே கார்ப்பெட், ரப்பர், ஒயர் எல்லாம் இருக்கின்றன. 60 ரூபாய்க்கு ஒரு பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப் வாங்கி, குழாயையும் தகட்டையும் சேர்த்து இறுக்கிவிட்டார். வீட்டிலேயே செய்கிறவர்கள் பிளாஸ்டிக் கேபிள் டை போட்டுவிடாதீர்கள். ஒரு நாள்கூட நிற்காது, உருகி ஒழுகும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. டக்கும் ஜிர்ரும் போன பிறகு, நான் தனியாகப் போகும்போது மட்டும் இடது பக்கம் சன்னமாக ஒரு டிக்டிக். மனைவியோடு திண்டிவனம் போய்வந்தேன், போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஜி.எஸ்.டி. சாலையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மறுநாள் தனியாக ஆபீஸ் கிளம்பினால் டிக்டிக்.

மெக்கானிக் என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டினார். முன் இடது சீட் காலி. ஐம்பது அடி போவதற்குள் கண்ணிலேயே பட்டுவிட்டது. அந்தச் சீட்டின் பெல்ட் நாக்கு கீழே வரை வழுக்கி இறங்கி, நடுத்தூணின் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டிருந்தது. கையால் பிடித்தேன், நின்றது. நாக்கு கீழே இறங்காமல் தடுக்க பெல்ட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். அது எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. மனைவி உட்கார்ந்ததும் முதல் வேலையாக பெல்ட் போடுவார். அவருக்கு எப்படிக் கேட்கும்?

புதுப் பொத்தான் 20 ரூபாய், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். சட்டைப் பொத்தானைத் தைத்துவிடலாமே என்று அம்மா ஊசி நூலோடு வந்தார். பெல்ட் துணியில் ஊசி குத்தக் கூடாது என்று தடுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் முடிந்தது 2025 மார்ச்சில். அதன்பிறகு 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன். லிங்க் ராட் அமைதியாக இருக்கிறது. ஹோஸ் கிளிப் ஒருமுறை தளர்ந்தது, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சுற்று, சரியாகிவிட்டது. தகட்டின் துரு பரவிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த மழைக்கு முன் மாற்ற வேண்டியிருக்கும். சத்தத்தை நிறுத்திய பாகங்களின் விலையும் கூலியும் சேர்த்து மொத்தம் 1,630 ரூபாய். மெக்கானிக் சத்தம் பார்த்ததற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை, நானாகத்தான் 500 கொடுத்தேன்.

முதல் பட்டறையில் கழற்றிய பழைய ஷாக்குகளை அன்றைக்கே டிக்கியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு சொட்டு ஆயில் கசிவு இல்லை. இப்போது மொட்டை மாடியில் இருக்கின்றன. அம்மா வடகம் காயப்போடும்போது வேட்டி பறக்காமல் இருக்க இரண்டு மூலைக்கு அவற்றைத்தான் வைக்கிறார்.