தேரிக்காட்டுக்குப் போக எங்கே தங்குவது? கன்னியாகுமரியா, நாகர்கோவிலா, திருச்செந்தூரா?

சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்தால் முதல் நாள் திற்பரப்பு, இரண்டாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை, மூன்றாம் நாள் முக்கடல் என்று எங்கள் வீட்டில் ஒரு வரிசை உண்டு. இந்த முறை மைனி (அண்ணி) வந்த அன்றே, "இங்க பக்கத்துல பாலைவனம் மாதிரி ஒரு இடம் இருக்காமே, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் கேட்டது தேரிக்காடு. நாங்கள் ஏற்கெனவே மூன்று முறை, மூன்று விதமாகப் போய் வந்திருந்தோம். அதனால் எது சரிப்பட்டு வரும், எது வராது என்று சொல்ல முடிந்தது. குமரி மாவட்டத்தை மையமாக வைத்துச் சுற்றுகிறவர்களுக்கும் இது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தேரி இருப்பது நம் மாவட்டத்தில் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு மேற்கே, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் பரந்து கிடக்கிறது. குதிரைமொழித் தேரி மட்டுமே ஏறக்குறைய 12,000 ஏக்கர். செக்கச்செவேலென்ற மணல் மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிட, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்று மட்டும் அந்தப் பக்கம் பாய்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்று குவித்த மணல் அது. ஒவ்வொரு மணல்துகள் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. கன்னியாகுமரிக் கரையில் பாக்கெட்டில் போட்டு விற்கும் வண்ண மணலில் ஒரு சிவப்பு இருக்குமே, அது கார்னெட் என்ற கனிமம். இரண்டும் வேறு வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சிவெயிலில் தேரிக்குப் போகாதீர்கள். காலை எட்டு மணிக்குள் போக வேண்டும், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். எங்கே தங்குவது, எந்த வழியில் போவது, எங்கே சாப்பிடுவது எல்லாமே இதை வைத்துத்தான். முதல் முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மகள் செருப்பைக் கழற்றி இரண்டு எட்டு வைத்ததும் அலறிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். அந்த வெளிச்சத்தில் நிறமும் தெரியவில்லை, பழைய செங்கல்லைப் பொடித்துக் கொட்டியது போல வெளிறிக் கிடந்தது. அதே இடத்தில் இன்னொரு முறை காலை ஆறே காலுக்கு நின்றபோது, மேட்டின் ஒரு பக்கம் குங்குமமாகவும் மறுபக்கம் கருஞ்சிவப்பாகவும் இருந்தது. ராத்திரி நடந்த வண்டுகளின் தடம் தையல் போட்ட மாதிரி மணலில் ஓடியது, மயிலின் கால்தடம் அதைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது. எட்டரைக்குள் காற்று வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

முதல் முறை ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நாங்கள் கன்னியாகுமரியில் தங்கியிருந்ததுதான். அந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. எந்த விலைக்கும் ரூம் கிடைக்கும், விவேகானந்தபுரம் வளாகத்தில் அமைதியாகவும் தங்கலாம். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டியவை அங்கேயே இருக்கின்றன. ஆனால் அங்கே தங்கியவர் எவரும் சூரிய உதயத்தை விடமாட்டார். உதயம் பார்த்து, காலைச் சாப்பாடு முடித்து, படகுக்கு வரிசையில் நின்று, பாறைக்குப் போய்த் திரும்பினால் பதினொன்று ஆகிவிடும். அதன் பிறகு சுமார் 90 கிலோமீட்டர் ஓட்டினால் வேறு எந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்? போதாக்குறைக்கு, கார்த்திகை, மார்கழியில் இங்கே ஐயப்ப பக்தர்கள் கூட்டம். ரூம் வாடகை கண்டபடி ஏறும், பார்க்கிங்குக்கு அலைய வேண்டிவரும்.

நாகர்கோவிலில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. ஆனால் குமரி மாவட்டத்தைச் சுற்ற இதைவிட வசதியான ஊர் கிடையாது. சுசீந்திரம், பத்மநாபபுரம், முட்டம், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாமே சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கன்னியாகுமரியே 20 கிலோமீட்டர்தான். (அரண்மனை நிர்வாகம் கேரள அரசிடம் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வந்து வாசலில் நிற்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.) இங்கிருந்து விடியலில் தேரியைப் பார்க்க நினைத்தால் ராத்திரி மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். குழந்தைகளோடு அது ஆகாத காரியம். மாலைத் தேரி என்றால் முடியும். மதியம் சாப்பிட்டு ஒன்றரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குப் போய்விடலாம், பொழுது சாயும் வரை இருக்கலாம். ஆனால் திரும்பும்போது இருட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். சில இடங்களில் ரோடு குறுகல், எதிரே வருகிறவர் ஹை பீமைக் குறைக்கவே மாட்டார். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் சரி. ஒரே டிரைவர் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

திருச்செந்தூரில் தங்கினால் தேரி கூப்பிடு தூரம் மாதிரி. ஐந்தரைக்கு எழுந்து முகம் கழுவிக் கிளம்பினால் காயாமொழி, தேரிக்குடியிருப்புப் பக்கம் வெளிச்சம் வருவதற்குள் போய்விடலாம். இங்கே ஒரே சிக்கல் நாள்தான். கந்தசஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம், ஏன், ஒரு சாதாரண கிருத்திகை அன்றுகூட ஊர் தாங்காது. அப்படி ஒரு நாளில் முன்பதிவு செய்திருந்தும், கவுன்ட்டரில் இருந்தவர் சொன்ன வாடகை போனில் பேசியதைப் போல இரண்டு மடங்கு. அம்மா காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார், வேறு வழியில்லாமல் கொடுத்தோம். அதனால் கிளம்புவதற்கு முன்பு காலண்டரில் நட்சத்திரத்தைப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு ரூமைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.

மைனிக்கு நான் சொன்னது இதுதான்: இரண்டு ராத்திரி நாகர்கோவில், ஒரு ராத்திரி திருச்செந்தூர். கன்னியாகுமரியை ஒரு பகலில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வழி என்று பார்த்தால் இரண்டு. ஒன்று கடற்கரைச் சாலை: கன்னியாகுமரி, கூடங்குளம், உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர். இன்னொன்று உள்வழி: ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, வள்ளியூர், திசையன்விளை, சாத்தான்குளம். போகும்போது கடற்கரை, வரும்போது உள்வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் வடகிழக்காகப் போகும்போது வெயில் முதுகுப் பக்கம் விழும். மறுநாள் காலையில் தென்மேற்காகத் திரும்பும்போதும் அப்படியே. தலைகீழாகச் செய்தால் இரண்டு நாளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

கடற்கரை வழியில் உவரியில் கப்பல் வடிவிலேயே கட்டிய கப்பல் மாதா ஆலயம் இருக்கிறது, பத்து நிமிடம் போதும். மணப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடலுக்குள் நீட்டிய மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், கீழே பாறையில் புனித சவேரியார் 1542இல் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. மேட்டின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. குலசையில் முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். தசரா நாட்களில் இந்த வழியையே தவிர்த்துவிடுங்கள், வண்டி நகராது.

சாப்பாட்டில் நான் நாகர்கோவில் பக்கம்தான். சொந்த ஊர்ப் பாசம் என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. சம்பா அரிசிச் சோறும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும், மயக்கிய மரச்சீனிக் கிழங்கும் (மசித்த மரவள்ளி) மதியம் சாப்பிட ஒரு வெளியூர்க்காரருக்கு வேறு எங்கே வாய்க்கும்? சாளை கிடைக்கும் நாளில் நெய்மீனைத் தேட வேண்டாம். சாயங்காலம் டீக்கடையில் ரசவடை, ஏத்தன்பழ பஜ்ஜி. வண்டியில் வைத்துக்கொள்ள ஒரு சீப்பு மட்டிப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், மணம் கார் முழுக்க நிற்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம் அது.

திருச்செந்தூரில் கோயிலைச் சுற்றிச் சைவ ஓட்டல்கள்தான் அதிகம். இட்லி, தோசை, பொங்கல் என்று வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத சாப்பாடு, அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் பனைப் பண்டத்தில் குமரியால் அந்தப் பக்கத்தை நெருங்க முடியாது. கருப்பட்டி போட்ட சுக்குக் காபியை விடியலில் தேரிக்குப் போகும் முன் குடியுங்கள். திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள், அதற்கும் 2023இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. ரோட்டோரத்தில் ஓலைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம், "சீனி கலக்காததுதானா ஆச்சி?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கருப்பட்டியை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்து, "உள்ள பாரும்யா, மினுங்குதா? மினுங்குனா சீனி" என்று கையில் வைத்தார். உடைந்த பக்கம் மங்கலாக, மினுக்கமே இல்லாமல் இருந்தது. வாயில் போட்டதும் முதலில் லேசான கரிப்பு, அதற்குப் பின்புதான் இனிப்பு. சிரட்டையில் ஊற்றிய அடையாளம் அடியில் வரிவரியாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் அக்கானி என்போம், அங்கே பதநீர். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மாசி, பங்குனியில் போனால் காலையில் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்த வறண்ட மணலில் நிற்கும் பனைக்குள் இத்தனை தண்ணீர் எப்படி என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் தேரியிலேயே இருக்கிறது. மேல்மணல் சுடும்போது ஒரு சாண் தோண்டிக் கையை நுழைத்தால் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும். விழுகிற மழையை ஓடவிடாமல் அப்படியே உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்ளும் மணல் அது. மேலப்புதுக்குடிப் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் உள்ள சுனையைப் பார்த்தால் நம்புவீர்கள். திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றையும் விடாமல் பாருங்கள். செடி கொடி இல்லாத வெறும் மணலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு உடைமரமும் பனையும் முந்திரியும் ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அவைதான் அந்த இடத்தின் அழகு.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர்வெட்டுத் திருவிழா. அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போங்கள், தேரியைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் போங்கள். வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே கூடாது. டயர் பாதி புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்கும். நிறைய இடம் வனத்துறைக் காடு, பிளாஸ்டிக் பாட்டிலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு முட்டம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் அதே சிவந்த தேரி மண், மழைநீர் அறுத்து ஓடைஓடையாக இறங்கியிருக்கும், அதற்குக் கீழே கடல். நாகர்கோவிலிலிருந்து முக்கால் மணி நேரம் போதும். முட்டுவலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் முட்டம் போங்கள். குதிரைமொழியில் கிடைக்கிற அந்தத் தனிமை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு என்ற அந்த மலைப்பு இங்கே வராது. ஆனால் கடலும் செம்மணலும் ஒரே பார்வையில் விழுவது அங்கே இல்லை.

மாதம் என்றால் தையும் மாசியும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணல் இறுகி நடக்க வாகாக இருக்கும், நிறமும் ஏறியிருக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று நேராகத் தேரிக்குத்தான் போகிறது. அப்போது போனால் கண்ணிலும் காதிலும் மணல், கேமரா லென்ஸைத் துடைத்து மாளாது. மைனி வந்தது தை மாதம். திருச்செந்தூரில் ரூம் போட்டு, விடியலில் தேரியின் மேட்டில் ஏறி நின்றவர், கீழே வண்டியில் இருந்த அம்மாவையும் கைபிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழரை மணி வரைக்கும் இரண்டு பேரும் இறங்கவில்லை.