லான்சேர் எவல்யூஷனா, எபிக் எல்டியா: வானில் அடையாளம் காண்பது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அருகருகே உள்ள ரெட்மண்ட், பெண்ட் ஆகிய ஊர்களிலிருந்து வந்த இவ்விரு டர்போபிராப் விமானங்களும் (டர்பைன் எஞ்சினால் உந்துசுழலியைச் சுழற்றுபவை), உரிமையாளரே பெரும்பகுதியைக் கட்டி முடிக்கும் 'சோதனை' (எக்ஸ்பெரிமென்டல்) வகையைச் சேர்ந்தவை. இரண்டுமே கார்பன் இழையால் ஆனவை, ஆகவே ஆணி வரிசைகளற்ற வழவழப்பான உடலை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க இயலாது. மூக்கின் இருபுறமும் துருத்தி நிற்கும் புகைக்குழாய்களும் உதவா, ஏனெனில் இரண்டிலும் பிடி6 என்ற டர்பைன் குடும்பத்து எஞ்சினே சுழல்கிறது.

அளவுதான் முதல் தடயம். எவல்யூஷன் நான்கு இருக்கைகளும் 750 குதிரைத்திறனும் கொண்டது. எபிக் எல்டியோ ஆறு இருக்கைகளும் 1200 குதிரைத்திறனும் உடையது என்பதால், அதன் உடல் நீண்டும் இறக்கைகள் அகன்றும் தெரியும். தொலைவில் தனியாகப் பறக்கும்போது இந்த அளவு வேறுபாடு ஏமாற்றக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எவல்யூஷனை உறுதிசெய்வதே எளிது என்பது என் கணிப்பு. எபிக்கில் கூடுதல் சிக்கல் உண்டு: 2019இல் சான்றிதழ் பெற்ற இ1000 அதன் வழித்தோன்றல், தோற்றத்திலும் ஏறக்குறைய அதுவே. தரையில் நிற்கும்போது, நுழைவாயிலருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி: இருந்தால் எல்டி, இல்லையேல் இ1000.